பல்லக்காவின் லேப்டாப்புக்கு வால் முளைத்த கதை

“மெஷின் இழுக்கலம்மா. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு” என்றார் முதலாளி.

சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் முன்னால் இருந்த லேப்டாப்பைப் பார்த்தார். கையை விரித்துவிட்ட டாக்டர் நோயாளியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. திரையில் ஒரு மேல்தாடை பாதி திறந்தபடி உறைந்து நின்றது. பதினான்கு பல்லில் ஆறு வந்திருந்தது. மீதி எட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. அன்றைக்கு இது மூன்றாவது தடவை. மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததிலிருந்து இதே கூத்துதான். ஒற்றைப் பல் என்றால் திறக்கும். முழுத்தாடை என்றால் லேப்டாப்புக்கு மூச்சடைத்துவிடும்.

“முதல் தேதியிலேர்ந்து டிசைன் எல்லாம் மாப்பிள்ளையோட பெரிய கம்ப்யூட்டர்லயே போகட்டும். நீ பேக்கிங் டேபிளைப் பாத்துக்கோ. சம்பளம் அதேதான், அதுல கை வைக்கல.”

கூடத்தில் பல் கடையும் சத்தம் சட்டென்று நின்றது. எட்டுப் பேரும் குனிந்த தலை நிமிராமல் காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

“மெஷின் இழுத்தா?” என்று கேட்டாள் அவள்.

முதலாளி சிரித்தார். “இழுத்தா நீயே பண்ணு. நானா வேணாங்கப்போறேன்?”

அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. கிழவியிடம் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தால் பரிசு தருகிறேன் என்பவனின் சிரிப்பு அது. அவளுக்கு வயது நாற்பத்தாறுதான். முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அவளைக் கூடத்தில் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செய்கிற அக்கா என்பது காலப்போக்கில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. அவள் கணவர் மட்டும் அதையே இழுத்து, “பல்லக்குல ஏறி வந்தாச்சா?” என்று மாலையில் வாசற்கதவைத் திறப்பார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்களோடு அவள் முறைப்பாள்.

பல் கூடம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையின் உருவத்தை எடுப்பவர் மாவு அண்ணன். தலை, புருவம், பனியன் எல்லாம் வெள்ளையாகவே இருக்கும், அவருடைய நிஜமான நரை எது என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தாடையைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அது பல்லக்காவிடம் வரும். இல்லாத பல்லைத் திரையில் வரைந்து, எதிர்ப் பல்லோடு கடித்துப் பார்த்து, உயரம் குறைத்து, இடுக்கு விட்டு, இதுதான் பல் என்று அவள் சொன்ன பிறகே கடைசல் இயந்திரம் அதைக் கட்டியிலிருந்து வெட்டி எடுக்கும். அப்புறம் சாயம், மெருகு, டப்பா.

இருபது வயதில் அவள் இங்கே வேலைக்கு வந்தது டப்பா ஒட்டத்தான். அந்த டேபிளில் நான்கு வருஷம் உட்கார்ந்தாள். டப்பாவை மூடுவதற்கு முன்னால் உள்ளே இருக்கும் பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எந்தப் பல் திரும்பி வரும், எது வராது என்று ஒட்டும்போதே சொல்லிவிடுவாள். சொன்னபடியே நடந்தது. எரிச்சலில் ஒருநாள் அப்போதைய மேஸ்திரி, “அவ்வளவு தெரிஞ்சா நீயே செய்” என்று மெழுகுக் கட்டியை அவள் முன்னால் எறிந்தார். செய்தாள். ஒரு தடவை ஒரே பல் ஒரே ஆளிடமிருந்து மூன்று முறை திரும்பி வந்தபோது, அவள் நேரே கிளினிக்குக்குப் போய், அந்த மனிதர் ஒரு ரொட்டித் துண்டை மென்று முடிக்கும்வரை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பக்கமாகவே மெல்லுகிறவர். நான்காவது பல் திரும்பி வரவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் முதலாளி கம்ப்யூட்டர் முறைக்கு மாறினார். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பல்லக்கா சொந்தமாக லேப்டாப் வாங்கினாள். முதலாளி அதில் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். அதன் உரிமம் அந்த லேப்டாப்போடு கட்டிப்போட்டதாக இருந்தது. வேறு கம்ப்யூட்டருக்குப் போகச் சொன்னால் போகாது, தாலி கட்டின மாதிரி. அவள் வேறு பெரிய கம்ப்யூட்டர் வாங்கி வந்து உட்கார முடியாமல் போனதற்கு அதுதான் காரணம். இழுக்க வேண்டுமென்றால் இந்த லேப்டாப்தான் இழுக்க வேண்டும்.

மாப்பிள்ளை என்பவர் முதலாளியின் மகளைக் கட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால்வரை கார் விற்கும் கடையில் இருந்தார். கூடம் மொத்தமும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது. அறுபது வயது மாவு அண்ணன்கூட. நல்ல மனிதர். வாசனையாக இருப்பார், யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். குணத்தில் குறை சொல்ல முடியாது, பல்லில்தான் குறை. அவர் வரைந்த கடைவாய்ப் பல் மூன்றில் ஒன்று உயரமாக இருக்கும். போட்டுக்கொண்டவர் வாயை மூடினால் மீதிப் பற்கள் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கோப்பு கடைசலுக்குப் போகும் முன்னால் பல்லக்கா வாங்கி, இரண்டு நிமிஷத்தில் தட்டிச் சரிசெய்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிடுவாள். பாவம், புதுசு என்று நினைத்தாள். எட்டு மாதமாக மாப்பிள்ளையின் பல் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, அது இதுதான்.

பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி டப்பாவிடம் போவதா? மாட்டேன் என்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். பக்கத்தில் நின்றவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நகர்ந்து நின்றார்.

இரண்டு நாள் தேடிப் படித்ததில் விஷயம் பிடிபட்டது. லேப்டாப்புக்கு மூளை போதும். படம் வரைகிற கைதான் போதவில்லை. பெரிய கம்ப்யூட்டரில் அந்தக் கையைக் கிராபிக்ஸ் கார்டு என்கிறார்கள். அதை லேப்டாப்புக்கு வெளியிலேயே வைத்து, ஒரு பட்டை வயரால் உள்ளே சேர்க்கலாம். லேப்டாப்பின் வயிற்றில் இன்னொரு சேமிப்புச் சில்லு போடுவதற்கென்று ஒரு காலி இடுக்கு இருந்தது. அதில் வயரின் ஒரு முனையைச் செருக வேண்டும். மறுமுனையில் சின்னப் பலகை, அதன்மேல் கார்டு, அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்க ஒரு பெட்டி. செய்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். செய்து கெடுத்துக்கொண்டவர்கள் இன்னும் அதிகம் இருந்தார்கள்.

பட்டை வயரும் பலகையும் மின்பெட்டியும் தபாலில் வந்தன. கார்டு பக்கத்துத் தெருவில் கிடைத்தது. அங்கே கம்ப்யூட்டர் விளையாட்டுக் கூடம் நடத்தியவர் கடையை மூடிக்கொண்டிருந்தார். மேஜையில் ஐந்தாறு கார்டுகளைப் பரப்பிவைத்திருந்தார். பல்லக்கா பையிலிருந்து பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கார்டின் விளிம்பிலும் இருந்த பொன்னிறத் தகடுகளை வரிசையாகப் பார்க்க ஆரம்பித்தாள். கார்டு கம்ப்யூட்டரில் செருகிக்கொள்வது அந்தத் தகடுகளால்தான்.

“பாதி விலைக்குத் தர்றேன். தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறீங்களேம்மா” என்றார் கடைக்காரர்.

“தானமாக் குடுங்க, பாக்கல. காசு வாங்கறீங்கல்ல? அப்புறம், பல்லைப் பாக்கறதுதான் எனக்குப் பொழப்பு.”

நான்கு கார்டுகளின் தகடுகளில் கீறல் இருந்தது. ஒன்றின் விசிறியில் பஞ்சு அடைத்திருந்தது. ஆறாவது கார்டில் அழுக்கு மட்டும்தான். அதை எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது, “உங்க முன் பல்லு மேல கேப்பு மாட்டினது யாருன்னு தெரியல, ஆனா ஈறைத் தள்ளிக்கிட்டு நிக்குது. காட்டிக்குங்க” என்றாள். கடைக்காரர் அதற்குப் பிறகு வாயைத் திறக்காமலே மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி வயரைச் செருகினால் மூடி மூடவில்லை. வயர் வெளியே வர வழியில்லை. மூடாமல் அப்படியே விட்டுவிடுங்கள் என்றுதான் பலர் எழுதியிருந்தார்கள். பல்லக்காவுக்கு அது பொறுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஈறோடு பொருந்தாத எதையும் அவள் கையைவிட்டு வெளியே அனுப்பியதில்லை. மூடியைத் துணியில் சுற்றிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். மதியச் சாப்பாட்டு வேளையில், பல் செட்டின் விளிம்பைக் கடையும் சின்னக் கைமோட்டாரை எடுத்து, மூடியின் ஓரத்தில் வயர் அகலத்துக்கு ஒரு வாய் வெட்டினாள். வெட்டிய இடத்தை மெருகுச் சக்கரத்தில் கொடுத்து வழவழப்பாக்கினாள்.

மாவு அண்ணன் சோற்றுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். “யாரு வாய்க்கும்மா இது?”

“என் வாய்க்குத்தாண்ணே” என்றாள். “என் வாயில மண்ணைப் போடப் பாக்கறாங்க, அதுக்குள்ள இதை மாட்டிடணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் காயவைத்துவிட்டு உட்கார்ந்தாள். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மின்சாரத்தோடு முப்பது வருஷம் வாழ்ந்தவர் என்பதால் அதன்மேல் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. டெஸ்டரை எடுத்துவந்து பிளக் பாயிண்ட்டில் எர்த் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார்.

“நல்லா ஓடிக்கிட்டிருந்த லேப்டாப்பு. வயித்தக் கிழிச்சுட்ட. செத்துப்போச்சுன்னா ஒத்தப் பல்லும் போச்சு, பாத்துக்க” என்றார்.

“ஒத்தப் பல்லுக்காக நான் உக்காரலங்க. முழுத்தாடை இல்லன்னா எனக்கு ஒண்ணுமே வேணாம்.”

“வீம்பு.”

“ஆமா, வீம்புதான். நீங்க கட்டிக்கிட்டு வரும்போது இது இல்லாமலா இருந்தேன்?”

அவர் டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தார்.

பொன்னிறத் தகடுகளை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தாள். கார்டைப் பலகையில் அழுத்தினாள். ‘டக்’ என்று உட்கார்ந்தது. லேப்டாப்பைப் போட்டாள், அப்புறம் மின்பெட்டியைப் போட்டாள். கார்டு இருப்பதாகவே லேப்டாப் காட்டிக்கொள்ளவில்லை. அவசரப்பட்டு வரிசையை மாற்றிவிட்டோம் என்று உடனே தெரிந்தது. முதலில் கார்டுக்குத்தான் உயிர் வர வேண்டும், பிறகுதான் லேப்டாப் கண் விழிக்க வேண்டும். விழிக்கும்போது எதிரில் யார் நிற்கிறார்களோ அவர்களைத்தான் அதற்குத் தெரியும். அணைத்து, வரிசையாகப் போட்டாள். கார்டின் பெயர் வந்தது, பக்கத்தில் மஞ்சள் எச்சரிக்கை முக்கோணத்தோடு. கார்டை ஓட்டும் பழைய இயக்கு நிரலைத் துடைத்தாள், புதியதைப் போட்டாள், மறுபடி துடைத்தாள், முந்தைய பதிப்பைப் போட்டாள். மதியம் இரண்டு மணிக்கு முக்கோணம் மறைந்தது. விசிறிகள் சுழன்றன.

தாடையைத் திறந்தாள். ஆறு பல் வந்தது. ஏழு, எட்டு என்று வந்து பதினான்கும் நின்றது.

“என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் கணவர் ஓடிவந்து முதலில் மெயின் சுவிட்சைத்தான் தேடினார்.

சந்தோஷம் பத்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை. தாடையைத் திருப்பினால் அது திரும்பியது, ஆனால் திக்கித் திக்கித் திரும்பியது. ஒரு பல்லைப் பிடித்து இழுத்தால், யோசித்துவிட்டு அப்புறம் வந்தது. முழுத்தாடையை இப்படி முடிக்க மூன்று நாள் ஆகும். மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் மூன்று மணி நேரம். அவளுக்கு அழுகை வந்தது. துக்கம் இல்லை, ஆத்திரத்தில் வருகிற அழுகை. முதலாளி சொன்னது சரியாகப் போய்விடுமே என்ற ஆத்திரம். அந்த ஆள் ஒரு தடவையாவது சரியாகச் சொல்வதற்கு இந்த விஷயம்தானா கிடைத்தது?

கணவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது கிண்டல் இல்லை. “எங்க இடிக்குது, சொல்லு.”

“லேப்டாப்பு வேலையை இந்த வயர் வழியா கார்டுக்கு அனுப்புது. கார்டு வரைஞ்ச படம் இதே வயர் வழியா லேப்டாப்புத் திரைக்குத் திரும்பி வருது. வயரு சின்னது.”

“ஏறறவனும் எறங்கறவனும் ஒரே கதவுல முட்டிக்கிட்டா லிஃப்ட் எங்கேர்ந்து நகரும்? எறங்கறதுக்கு வேற கதவு இல்லையா?”

அவள் கண் கார்டின் பக்கம் போனது. வேறு கதவு இருந்தது. கார்டின் முதுகிலேயே இருந்தது. அதில் நேரடியாக வேறொரு மானிட்டரைச் செருகினால் படம் திரும்பி வரவே வேண்டாம். இதைச் செய்தவர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள், அவளும் படித்திருந்தாள். படித்துவிட்டு, நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தாள். அதற்குக் காரணம் அவள் தொழில் புத்தி. லேப்டாப்பின் திரை ஆறு வருஷப் பழக்கம். பல் நிற அட்டையை அதன் பக்கத்தில் பிடித்துப் பிடித்து, எந்த வெள்ளை எந்தப் பல் என்று அவள் கண்ணில் ஏற்றிவைத்திருந்தாள். மற்ற மானிட்டர்களில் பல் நீலம் பாய்ந்து பிணத்தின் பல் மாதிரித் தெரியும். அப்படிப்பட்ட திரையில் உட்கார்வதில்லை என்று ஒரு கொள்கை. இப்போது யோசித்தால், சாயம் அவள் வேலையே இல்லை. சாயம் தீட்டுபவர் ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சத்தில் தன் கண்ணால்தான் பார்க்கிறார். அவள் கொடுக்க வேண்டியது உருவமும் கடியும். அதற்கு நீலப் பல் என்ன, பச்சைப் பல் என்ன?

“முட்டாள் நான்” என்றாள் சந்தோஷமாக. பிறகு வீட்டில் ஒரே ஒரு மானிட்டராக இருந்த டி.வி.யின் வயரைப் பிடுங்கினாள்.

“ஏய், கடைசி ஓவர்!” என்றார் கணவர்.

அடுத்த நிமிஷம் சுவர் முழுக்க ஒரு மேல்தாடை எழுந்து நின்றது. ஒவ்வொரு பல்லும் ஒரு தலையணை அளவு. சுட்டியை அசைத்தாள், தாடை எண்ணெய் போட்டது போலத் திரும்பியது. அண்ணம் தெரிந்தது, கடைவாய் தெரிந்தது, கடைவாய்ப் பல்லின் குழி தெரிந்தது. இழுத்தால் வந்தது, விட்டால் நின்றது. கணவர் சோபாவில் பின்னால் சாய்ந்து அதைப் பார்த்தார்.

“யாராவது வந்தா முதல்ல மயங்கி விழுந்துட்டுதான் டீ குடிப்பாங்க” என்றார். ஆனால் கடைசி ஓவரைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முதல் தேதி காலையில் கணவரின் பழைய கருவிப் பையில் எல்லாவற்றையும் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு பல்லக்கா கூடத்துக்கு வந்தாள். அவள் இடத்தில் ஏற்கெனவே ஒரு பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. அவள் பேக்கிங் டேபிளில் இருந்த டப்பாக்களையும் லேபிள் சுருளையும் ஒரு கையால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையைத் திறந்தாள். யாரும் தொடாமல் ஒரு வருஷமாக டேபிளுக்கு அடியில் கிடந்த பழைய மானிட்டரைத் துடைத்து மேலே வைத்தாள். கார்டு, பலகை, மின்பெட்டி, கடைசியில் லேப்டாப். அதன் பக்கவாட்டிலிருந்து பட்டை வயர் வால் மாதிரி தொங்கியது. முதலில் பெட்டி, அப்புறம் லேப்டாப். விசிறி சுழன்றது.

அன்றைக்கு வந்த முக்கியமான வேலை ஒரு பெண்மணியின் மேல்தாடை. நான்கு மாதமாக மேல் பல் இல்லாமல், வாயை முந்தானையால் மறைத்துக்கொண்டு பேசுகிறவள் என்று டாக்டர் குறிப்பில் எழுதியிருந்தார். மாலைக்குள் வடிவம் வேண்டும். கோப்பு எல்லோருக்கும் பொதுவான இடத்தில் இருந்தது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை திறந்தார், இந்தப் பக்கம் பல்லக்கா திறந்தாள்.

பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னம்மா இது? குடலை வெளிய எடுத்துப் போட்ட மாதிரி?”

“மெஷின் இழுக்குது சார். பாருங்க.” தாடையைச் சுற்றிக் காட்டினாள். முன் வரிசை முடிந்திருந்தது. கடைவாயில் கடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பார்த்தார். “மாவுத் தூசி படுமே” என்றார்.

“சாயந்தரம் ஊதித் தொடச்சுடுவேன்.”

“டாக்டருங்க வந்து போற இடம். பாக்க அசிங்கமா இருக்குல்ல?”

“டாக்டருங்க பல்லைத்தானே சார் பாக்க வர்றாங்க?”

“ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்றது?”

“எர்த் பாத்தாச்சு. காலையில எங்க வீட்டுக்காரரே என்கூட வந்து பாத்துட்டுப் போனார்.”

அதற்குள் மாப்பிள்ளை எழுந்து வந்து பின்னால் நின்றிருந்தார். திரையைப் பார்த்த அவருக்கு மாமனாரின் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. “அக்கா, கடைவாய் வரைக்கும் வந்துட்டீங்களா? நான் இன்னும் முன் பல்லுலயே நிக்கறேன். சூப்பர்க்கா!” என்றார். மனதாரத்தான் சொன்னார். முதலாளி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“மெஷின் இழுத்தா நீயே பண்ணுன்னு சொன்னீங்க சார்” என்றாள் பல்லக்கா.

“உள்ள வாம்மா, பேசுவோம்.”

“அன்னிக்கு இங்கதானே சார் சொன்னீங்க? இன்னிக்கும் இங்கயே சொல்லுங்க.”

கடைசல் சத்தம் நின்றிருந்தது. முதலாளி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். குரல் இறங்கியது. “மெஷின் விஷயமே இல்லம்மா. எனக்கு ஒரே பொண்ணு. நாளைக்கு இந்தக் கூடம் அவரு கைக்குத்தான் வரணும். எனக்கப்புறம் பெரிய சீட்டுல அவருதான் உக்காரணும். மாப்பிள்ளை போய் டப்பா ஒட்டிக்கிட்டு உக்காந்தா நல்லாவா இருக்கும்?”

பல்லக்காவுக்கு இடுப்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தது போல இருந்தது. பன்னிரண்டு நாளாக, எனக்குத்தான் வயதாகிவிட்டதோ, எனக்குத்தான் முடியவில்லையோ என்று உள்ளுக்குள் அரித்த சந்தேகம் அப்படியே இல்லாமல் போனது. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது, சுத்தமான கோபம்.

“அவரு உக்காந்தா நல்லா இருக்காது. நான் உக்காந்தா நல்லா இருக்குமா சார்? இருபத்தாறு வருஷம் சார். இதை அன்னிக்கே இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா நான் நல்லா இருந்த லேப்டாப்பை வெட்டியிருக்க மாட்டேன். உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும், நானும் அதத்தான் வேண்டிக்கறேன். ஆனா அதுக்கு என்னை முடியாதவள்னு ஆக்காதீங்க.”

“நான் அப்படிச் சொல்லலம்மா.”

“மெஷினைச் சொல்ற மாதிரி என்னைத்தான் சொன்னீங்க. மென்பொருள் உரிமம் உங்களுது, எடுத்துக்கணும்னா இப்பவே எடுத்துக்குங்க. லேப்டாப்பு என்னுது, கார்டு என்னுது, இந்த வாலும் என்னுது. வேற எந்தக் கூடத்துல போய் வச்சாலும் இழுக்கும். போன்னு சொல்லுங்க, இந்தம்மாவோட தாடையை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன். பல்லு இல்லாம நாலு மாசமா இருக்காங்க, அவங்க நம்ம சண்டைக்காகக் காத்திருக்க முடியாது. ஆனா டப்பா மட்டும் ஒட்ட மாட்டேன்.”

சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுட்டியைப் பிடித்துக் கடைவாய்ப் பல்லுக்குப் போனாள்.

முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். “மாமா, கடைவாய் எனக்கு வராது. இத்தனை நாளும் அக்காதான் திருத்தி அனுப்பிக்கிட்டிருந்தாங்கன்னு நினைக்கறேன். நான் வரைஞ்ச உயரம் ஒருநாளும் அப்படியே கடைசலுக்குப் போனதில்ல” என்றார் மெதுவாக. தெரிந்துதான் இருந்திருக்கிறது.

மாவு அண்ணன் ஈரத் தாடைகள் வைத்த தட்டை இரண்டு கையிலும் ஏந்தியபடி நடுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். புதிதாக வந்த மூன்று முழுத்தாடைகள். காலையில் வந்த உத்தரவுப்படி அவர் அதைப் பெரிய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அவர் முதலாளியைக் கடந்து, மாப்பிள்ளையைக் கடந்து, பேக்கிங் டேபிளுக்கு வந்தார். லேபிள் சுருளை முழங்கையால் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு, தட்டைப் பல்லக்காவின் பக்கத்தில் வைத்தார். டேபிளில் வெள்ளைக் கைரேகை பதிந்தது.

“நடுவுல இருக்கறது அவசரம்மா” என்றார். திரும்பித் தன் இடத்துக்குப் போய் அடுத்த மாவைக் கரைக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாகக் கடைசல் சத்தமும் கிளம்பியது.

முதலாளி அங்கேயே நின்றார். தள்ளிவைத்த டப்பாக்கள் டேபிளின் ஓரத்தில் விழப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டப்பாக்களைப் பார்த்தார்.

“அப்ப இதையெல்லாம் யாரும்மா ஒட்டறது?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைவாய்ப் பல் எதிர்ப் பல்லோடு சரியாக வந்து உட்கார்ந்தது.

“ரெண்டு கை இருந்தாப் போதும் சார்” என்றாள். “உக்காருங்க, சொல்லித் தர்றேன்.”